எதிர்க்கடை லூர்து

லூர்து இறந்த செய்தியை என் மைத்துனன் சேவியர்தான் போனில் சொன்னான். காலை பத்து மணி இருக்கும். ஒரு ஸ்கூட்டரின் ஹெட்லைட்டைக் கழற்றி வைத்திருந்தேன். "அத்தான், லூர்து அண்ணன் போயிட்டாரு. நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சிருச்சு" என்றான். துக்கம்தான் முதலில் வந்தது என்று எழுத ஆசை. ஆனால் நான் முதலில் செய்தது, சாலையின் அந்தப் பக்கம் இருந்த அவன் கடையைப் பார்த்ததுதான். ஷட்டர் இறங்கிக் கிடந்தது. இனி அவன் அதை ஏற்றமாட்டான் என்று நினைத்தபோது உள்ளே ஒரு துளி நிம்மதி. அதற்காக இன்றுவரை கூசிக்கொண்டிருக்கிறேன்.

நம் மெக்கானிக் சங்கத்து நண்பர்களே, அவனை அதிகக் காலம் அறிந்தவன் என்று என்னை இந்த அஞ்சலியை எழுதச் சொன்னீர்கள். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஐடிஐயில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனை அப்படி எழுதக் கை வரவில்லை. இருவரும் திரேஸ்புரம் போகும் சாலையில் எதிரெதிரே கடை போட்டோம். லூர்து வெள்ளைச் சட்டையோடு எஞ்சின் பிரிப்பான். சாயங்காலம் அது வெள்ளையாகவே இருக்கும். வாடிக்கையாளரைக் காக்கவைப்பான். "அவசரம்னா ஆட்டோவுல போங்க" என்பான். ஆனாலும் காத்திருந்தார்கள். என் கடையில் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

சேவியர் மீன் வியாபாரி. ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழவைப்பார் வரை போய்வரும் பழைய வண்டி அவனுடையது. ஒருநாள் அது இழுவை இல்லாமல் வந்தது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புது ரிங் போட்டேன். மாறவில்லை. மறுபடி பிரித்துப் பூட்டினேன். அப்போதும் அப்படியே. மூன்றாம் நாள் அந்த வண்டி லூர்துவின் கடையில் நிற்பதைப் பார்த்தேன். சொந்த மைத்துனனின் வண்டி. சாலையைக் கடந்து போய் நின்றேன்.

லூர்து எதையும் பிரிக்கவில்லை. பிஸ்டனை மேலே கொண்டுவந்து, டாப் கியர் போட்டு, சேவியரைப் பின் பிரேக்கை மிதிக்கச் சொன்னான். பிளக் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றை விட்டான். கார்புரேட்டர் வாயில் காதை வைத்துக் கேட்டான், சத்தமில்லை; அந்தப் பக்கம் கசிவில்லை. சைலன்சர் முனையில் உள்ளங்கையை வைத்தான். என்னையும் வைக்கச் சொன்னான். கையில் காற்று அடித்தது. புகையை வெளியே விடும் வால்வு சரியாக மூடவில்லை. எஞ்சினுக்குள் அடைபட வேண்டிய காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது வால்வின் விளிம்பு ஓரிடத்தில் எரிந்து குழிந்திருந்தது. புது வால்வில் அரைக்கும் பசை தடவி, அது சரியாகப் படியும்வரை பொறுமையாக அரைத்தான். பூட்டியதும் முதல் உதையில் வண்டி கிளம்பியது.

அந்த வால்வு எரியக் காரணம் நான். இரண்டு மாதம் முன்பு வால்வைத் தள்ளும் டாப்பட்டில் சத்தம் கேட்கிறது என்று சேவியர் சொல்ல, இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டிருந்தேன். லூர்துவுக்கு அது பார்த்ததுமே தெரிந்திருக்கும். சேவியரிடம், பழைய வண்டியில் வால்வு எரிவது சகஜம் என்று மட்டும் சொன்னான். சேவியர் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "டாப்பட் சத்தம் கொஞ்சம் கேக்கட்டும்லே. சத்தமே இல்லன்னா வால்வு முழுசா மூடலன்னு அர்த்தம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பாற்றியதைத் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் ஆறுமுகநேரியிலிருந்து உப்பள மேஸ்திரி ஒருவர் ஹார்ன் பார்க்க வந்தார். அவர் லூர்துவிடம் வால்வு மாற்றியவர். லூர்து பழைய வால்வைத் தேய்த்துப் புதுசு என்று போடுகிறான் என்று அவரிடம் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

பத்து நாளில் லூர்து சாலையைக் கடந்து வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "வேலைய வச்சு என்னைய ஜெயிக்கணும்னா ஜெயிச்சுக்கோலே. வாய வச்சு ஜெயிக்காத" என்றான். அதன்பின் அவன் சாகும்வரை, இரண்டு வருடம், நாங்கள் பேசவில்லை. மேஸ்திரியோடு வேலைபார்க்கும் மூன்று பேர் தங்கள் வண்டிகளை என்னிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் வண்டிகள் தெரு முனைவரை நின்றன. பெரும்பாலும் பழைய வண்டிகள். பல என்னிடமிருந்து அவனிடம் போனவை. பூசை முடிந்து ஒவ்வொன்றாகக் கிளம்பியபோது அந்தச் சத்தங்களில் ஒரு குறை தேடினேன்; கிடைக்கவில்லை. பெட்டிக்குள் கிடந்தவன்மீதும் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் ஆறுமுகநேரிக்குப் போனேன். மேஸ்திரி உப்பளக் கரையில் நின்றிருந்தார். லூர்துவைப் பற்றி அன்று நான் சொன்னது பொய் என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "அது அப்பவே தெரியும் தம்பி. லூர்துகிட்ட நேராவே கேட்டுட்டேன். அவரு இங்கன வந்து என் வண்டியக் கழட்டி வால்வக் காட்டிட்டுப் போனாரு."

அப்படியானால் அந்த மூன்று வண்டிகளும் ஏன் என்னிடம் வந்தன என்று கேட்டேன்.

"அவருதான் அனுப்புனாரு. வயரிங் வேலைன்னா எதுத்த கடைக்குப் போங்க, அவன் கை எனக்கு வராது, வால்வுன்னா மட்டும் எங்கிட்ட வாங்கன்னு சொன்னாரு."

யோசித்துப் பார்த்தேன். மூன்று வண்டிகளும் லைட்டுக்கும் ஹார்னுக்கும்தான் வந்திருந்தன. என்மீது கோபமாக இருந்த நாட்களிலும் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவனால் முடிந்திருக்கிறது. அவனைப் பற்றி அப்படி ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்: வால்வு வேலையில் நம் ஊரில் லூர்துவுக்கு மேல் ஆள் இருந்ததில்லை. இதை எழுதிய பிறகும் என் பொறாமை குறையவில்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.