மலைப்பாதையில் சிந்திய தீப நெய்

என் தம்பியின் தொடையிலிருந்து பீறிட்ட இரத்தத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி, என் அக்காளின் கணவர் இன்னொரு மனிதரைக் கொல்லப் போவதைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். கையை எடுத்தால் தம்பி போய்விடுவான். எடுக்காவிட்டால் அந்த மனிதர் போய்விடுவார். அண்ணாமலையாரை நான் மெய்யாகக் கூப்பிட்டது அன்றுதான். அதற்கு முன் கூப்பிட்டதெல்லாம் பழக்கம்.

அடியார்களாகிய உங்கள் முன் இதைச் சொல்லச் சில ஆண்டுகள் தயங்கினேன். இரத்தமும் ஆத்திரமும் நிறைந்த சம்பவம் இது. ஆனாலும் பெற்றுக்கொண்டவன் வாய் மூடியிருப்பது நன்றியாகாது.

1982-ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். நான் பொருளாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் தேர்வில் தவறிய மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்திவந்தேன். தம்பி சேகர் திருவண்ணாமலையில் ஒரு மின்சாதனக் கடையில் வேலை பார்த்தான். எங்கள் தந்தை இறந்த பிறகு அவனைத் தம் வீட்டில் வைத்துத் தோளில் தூக்கி வளர்த்தவர் அக்காளின் கணவர் தனபால் மாமா. நான்காவது ஆள் ஏகாம்பரம். பேருந்து நிலையத்தருகே பஞ்சர் கடை வைத்திருந்தவர், எங்களில் மூத்தவர். இந்த நால்வரும் ஆண்டுதோறும் தீபத்துக்கு முன் மோட்டார் சைக்கிள்களில் ஜவ்வாது மலைக்கு ஏறுவோம். மலைக் கிராமத்து மக்கள் மகாதீபத்துக்கென்று வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பசு நெய்யை வாங்கிவந்து கோயிலில் சேர்ப்போம்.

இதற்கென்று எங்களுக்குள் சில நியமங்கள் உண்டாகியிருந்தன. நெய் தரையைத் தொடக் கூடாது. மனிதர் உட்காரும் சீட்டில் அதை வைக்கக் கூடாது. ஆகவே ஏகாம்பரம் தம் புல்லட்டின் பக்கவாட்டில், சைலன்சருக்கு மேலே, ஓர் இரும்புச் சட்டம் அடித்து அதில் நெய் டின்னைக் கட்டுவார். நெய் வண்டிக்கு முன்னால் எவரும் போகக் கூடாது. சுவாமிக்குப் பின்னால் அடியார் கூட்டம் அறுபடாமல் வருவதுபோல் மற்ற மூன்று வண்டிகளும் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். விரதம் என்பதால் நால்வரும் வெறுங்கால். ஒவ்வொன்றும் பக்தியில் பிறந்த நியமம். அவை அத்தனையும் ஒரு மலை வளைவில் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்று நாங்கள் யோசித்ததில்லை.

காலையில் நெய்யோடு மலைக் கிராமத்திலிருந்து இறங்கப் புறப்படும்போது அது மெழுகுபோல் உறைந்திருந்தது. மலைக்குளிர் அப்படி. சேகர் ஏகாம்பரத்தைச் சீண்டிக்கொண்டே வந்தான்.

"அண்ணே, இந்த ஸ்பீடுல போனா அடுத்த வருஷத் தீபத்துக்குத்தான் போய்ச் சேருவோம்."

"நெய்யக் கட்டிக்கினு பறக்கச் சொல்றியா? வாய மூடிக்கினு பின்னாடி வாடா."

"மூடிட்டா உங்க புகையிலருந்து தப்பிப்பேன். அதுவும் சரிதான்."

மாமா சிரித்தார். அதுதான் அன்று நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு.

சைலன்சரின் சூட்டில் நெய் உருகியிருக்கிறது. கற்கள் பெயர்ந்த பாதையில் குலுங்கியதில் டின்னின் பற்றவைத்த மூட்டு விட்டிருக்கிறது. நேர்ப்பாதையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது எவர் கண்ணிலும் படவில்லை. ஒரு கொண்டை வளைவில் ஏகாம்பரம் வண்டியைச் சாய்த்தபோது டின்னும் சாய்ந்தது. உருகிய நெய் அப்படியே தார்மீது கொட்டியது. அவருடைய சக்கரங்கள் கடந்துபோன பிறகே கொட்டியதால் அவர் விழவில்லை. ஒரு வண்டி நீளம்கூட விலகாமல் பின்னால் வந்த சேகர் அதன்மேல் ஏறினான்.

வண்டி அவனுக்கடியிலிருந்து உருவிக்கொண்டது. இரும்பு தாரில் உரசித் தீப்பொறி பறந்தது. அவன் ஓரத்து மைல்கல்லில் மோதி நிற்பதற்குள் வண்டி அவன் தொடைமேல் வந்து இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எஞ்சின் இரைச்சலைத் தாண்டி எனக்குக் கேட்டது. அடுத்த கணம் மாமாவின் வண்டி சறுக்கி, சேகரின் வண்டிமேல் இடித்து, அவரைத் தூக்கி எறிந்தது. கடைசியில் வந்த நான் மட்டும் உலர்ந்த தாரில் பிரேக் பிடித்து நின்றேன்.

ஓடிப்போய் வண்டியைப் புரட்டித் தள்ளினேன். தொடை கிழிந்து வெள்ளை எலும்பு வெளியே தெரிந்தது. நாடித் துடிப்புக்கு ஏற்ப இரத்தம் குதித்துக் குதித்து வந்தது. துண்டைச் சுற்றி இறுக்கினேன். நிற்கவில்லை. கையால் அழுத்தினேன். அப்போதுதான் வேகம் குறைந்தது. நெய்யின் மணமும் இரத்தத்தின் வாடையும் கலந்து வீசியது. சேகர் கத்தவில்லை. உதடு வெளுத்து, "அண்ணா, குளுருது" என்று மட்டும் சொன்னான்.

ஏகாம்பரம் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். நெற்றியில் இரத்தம் வழிய எழுந்து நின்ற மாமா முதலில் தாரைப் பார்த்தார். பிறகு நெய் வடிந்துகொண்டிருந்த டின்னைப் பார்த்தார்.

"உன் நெய்தான்டா. உன் நெய்தான் எம் புள்ளயக் கொன்னுச்சி."

"தனபாலு, சத்தியமா எனக்குத் தெரியாது. மொதல்ல அவனப் பாக்கலாம்."

"இனிமே இன்னாத்தடா பாக்கறது?"

சிதறிக் கிடந்த சாமான்களிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஏகாம்பரத்தின் தலையில் அடித்தார். மண்டை பிளந்து முகமெல்லாம் சிவந்தது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. ஏகாம்பரம் திருப்பி அடிக்கவில்லை. கையை மட்டும் முகத்துக்கு மறைத்துப் பின்னால் நகர்ந்து, வளைவுச் சுவரோரம் விழுந்தார். மாமா அவர் வயிற்றில் உதைத்தார். நான் கத்தினேன். கத்தியது அவர் காதில் ஏறவில்லை. சுவரிலிருந்து பெயர்ந்து கிடந்த ஒரு கருங்கல்லை அவர் இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கினார்.

என் மனம் அந்த நொடியிலும் கணக்குப் போட்டது. என் இயல்பு அது. அந்தக் கல் இறங்கினால் ஏகாம்பரத்தின் மனைவி மக்கள் தெருவில். மாமா சிறையில். அக்காள் தன் கணவனையும் இழந்து, மகனாக வளர்த்த தம்பியையும் இழந்து நிற்பாள். எழுந்து தடுக்கலாம். ஆனால் உள்ளங்கைக்கடியில் சேகரின் உயிர் வெதுவெதுப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது கோபம். "உமக்குக் கொண்டுவந்த நெய்யிலேயா?" என்று கேட்டேன். பிறகு கோபமும் வற்றிவிட்டது. "எனக்கு வேறு கை இல்லை, அண்ணாமலையாரே. நீர் பிடித்துக்கொள்ளும்." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. மந்திரமோ பதிகமோ நினைவுக்கு வரவில்லை.

கல்லை ஓங்கிக்கொண்டு மாமா ஓரடி முன்னால் வைத்தார். அந்த வெறுங்கால் நெய்யில் பட்டது. நின்ற இடத்திலேயே கால் வாரிக்கொண்டு மல்லாக்க விழுந்தார். கல் அவர் கையிலிருந்து நழுவி, ஏகாம்பரத்தின் தலைக்குப் பக்கத்தில் விழுந்து இரண்டாக உடைந்தது.

தற்செயல் என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். வெறுங்கால் நெய்யில் வழுக்குவது இயற்கைதான். நானும் மறுக்கவில்லை. கேட்ட நொடியில் அந்த இயற்கை நிகழ்ந்தது என்பதை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் எழுத முடியாமல் இருக்கிறேன்.

விழுந்தவர் எழுவதற்குள் மேலேயிருந்து ஹாரன் கேட்டது. மலையிலிருந்து இறங்கும் பேருந்து. அடுத்த திருப்பத்தில் அது இந்த நெய்மேல் வரும். சேகரை அசைத்தால் இரத்தம் பீறிடும். அசைக்காவிட்டால் சக்கரத்தடியில் போவான். மாமாவுக்கு மூச்சே திரும்பவில்லை. எழுந்தவர் ஏகாம்பரம்தான். கண்ணை மறைத்த இரத்தத்தைப் புறங்கையால் வழித்துவிட்டு, சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார். பேருந்து திருப்பத்தில் தலைகாட்டியபோது நடுரோட்டில் நின்றார். விலகவில்லை. டயர்கள் அலறின. முன்சக்கரம் நெய்யின் விளிம்பில் கொஞ்சம் வழுக்கி, எங்களுக்கு மிக அருகில் வந்து நின்றது.

நடத்துநர் படியில் தொங்கியபடியே சத்தம் போட்டார். "இன்னாப்பா, நடுரோட்டுல பொங்கல் வெச்சீங்களா? நெய் வாசன ஊரத் தூக்குது." அடுத்த நொடி எங்களைப் பார்த்ததும் படியிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

ஓட்டுநர் இறங்கி, பளபளத்த தாரையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஆளு குறுக்க வரலன்னா வண்டியோட எல்லாரும் கீழதான்" என்றார். சந்தைக்கு வந்துகொண்டிருந்த மலைப்பெண்கள் கேட்காமலே ஓரத்து மண்ணை வாரி நெய்மேல் கொட்டினார்கள். தரையைத் தொடக் கூடாது என்று நாங்கள் காத்த நெய்மேல் அவர்கள் மண் கொட்டியதை நானே மனத்தால் வணங்கினேன்.

சேகரைப் பேருந்தின் பலகை சீட்டில் கிடத்தினோம். மலையடியில் போளூர் ஆஸ்பத்திரிவரை யார் அழுத்திப் பிடிப்பது என்ற கேள்வி வந்தது. என் கைகள் மரத்துவிட்டன. ஏகாம்பரம் வந்து மண்டியிட்டு, என் கைக்கு மேல் தம் கையை வைத்தார். நான் மெதுவாக என் கையை உருவிக்கொண்டேன். சேகரின் தலையை மடியில் வைத்திருந்த மாமா நெடுநேரம் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் அழுத்திப் புடிங்கண்ணே."

போளூரில் முதலுதவி செய்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மருத்துவர் ஏகாம்பரத்தின் மண்டைக்குத் தையல் போட்டபடி, எப்படி உடைந்தது என்று கேட்டார்.

"வண்டியிலருந்து வுழுந்தேன் சார்."

"வுழுந்தா இப்படியா உடையும்?"

"மலையில வுழுந்தா எப்டி வேணா உடையும் சார்."

மாமா பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் குலுங்கின.

அந்த ஆண்டு மகாதீபத்தை நாங்கள் பார்க்கவில்லை. தீபத்தன்று சேகர் அறுவைச் சிகிச்சை மேசையில் இருந்தான். அவன் பிழைத்தான். கால் சற்றுக் கட்டையாகிவிட்டது. ஆனால் தன் காலால் நடக்கிறான். கடைக்குப் போகிறான், இப்போதும் எல்லோரையும் சீண்டுகிறான்.

அந்த நிகழ்ச்சி என் வாழ்க்கையை மாற்றியது. பக்தி குறையவில்லை. பக்தி என்ற பெயரில் விளைவை யோசிக்காமல் இருக்கும் சோம்பல் குறைந்தது. மறுவருடம் மலைக்குப் போக வேறு இளைஞர்களும் சேர்ந்தார்கள். ஏகாம்பரத்தின் கடையில் கூடிப் பேசினோம். முன்வண்டி வளைவைத் தாண்டிய பிறகே பின்வண்டி வளைவில் நுழைய வேண்டும். ஒருவரையொருவர் முந்தக் கூடாது. எவருக்கு ஓட்டத் தயக்கமோ அவர் முன்னால் போக வேண்டும், அவருடைய வேகமே எல்லோருடைய வேகம். வெறுங்காலில் ஓட்டாமல், கெட்டியான ஷூ போட வேண்டும். கோயில் வாசலில் கழற்றினால் போதும். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்கள், நெய் கடைசி வண்டியில், சைலன்சருக்கு எட்டாத உயரத்தில் வரட்டும் என்றபோது கொதித்துவிட்டார்கள். ஆண்டுதோறும் நெய்க்கு நன்கொடை தரும் ஒரு பெரியவர் எழுந்தே விட்டார்.

"சாமி நெய்யக் கடைசியில கொண்டாறதா? எம்.ஏ. படிச்சவன் பேசற பேச்சா இது?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் ஏகாம்பரம் டியூபை ஒட்டியபடியே, தலையைத் தூக்காமல் பேசினார். "ஐயா, தேரு ஓடறப்ப வடம் புடிக்கிறவன்லாம் எங்க இருக்கான்? முன்னாடி. சாமி? பின்னாடிதான வர்றாரு. அவருக்குக் கொறஞ்சா போச்சி?"

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடத்திலிருந்து மாமாதான் கடைசி வண்டியை ஓட்டுகிறார், நெய்யோடு. அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட மலையில் விழவில்லை.

மலைவளைவில் நான் கேட்டது தம்பியின் உயிரும் ஏகாம்பரத்தின் உயிரும். அண்ணாமலையார் மாமாவையும் கொலைகாரர் ஆகாமல் காத்துக் கொடுத்தார். என் அக்காள் நெற்றியில் குங்குமத்தோடு தினமும் விளக்கேற்றும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வருகிறது.

அன்பர்களே, இரண்டு கைகளும் ஓர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னோர் உயிருக்கு நீட்டக் கையில்லாத நேரம் உங்களுக்கும் வரலாம். அப்போது பிடித்த கையை எடுத்துவிடாதீர்கள். அழுத்திப் பிடித்துக்கொண்டே அவரைக் கூப்பிடுங்கள். மிச்சத்தை அவர் பிடித்துக்கொள்வார்.