ஐந்தரை மணி சாண்ட்விச்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கோடையில், திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பர்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ரிசல்ட் வந்து கல்லூரி திறக்க எப்படியும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீட்டிலேயே இருந்தால் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துவராது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். ஷேர் ஆட்டோவில் போய்வருவேன். கடையில் சிவப்பு டி-ஷர்ட், தொப்பி, பிளாஸ்டிக் கையுறை. முதல் நாள் அந்த டி-ஷர்ட்டைப் பார்த்த அப்பா ஒரு துப்பட்டாவை எடுத்து நீட்டினார். ஆட்டோ ஏறும்வரை அது தோளில் இருக்கும், ஏறியதும் பைக்குள் போய்விடும்.

சாமி கும்பிட வருகிறவர்கள் நிறைய என்பதால் கடையில் சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கத்தி, தனித் தவா. அந்த மேசை என் பொறுப்பு. சேர்ந்த ஒரே வாரத்தில் கடையிலேயே வேகமான கை என்னுடையது என்று பெயர் வாங்கிவிட்டேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. வாயும் அதே வேகம்தான்.

தினமும் சாயந்திரம் ஐந்தரை மணிக்கு ஒரு பெண் வருவாள். இரண்டு கடை தள்ளி இருந்த துணிக்கடையில் சுடிதார் பிரிவில் வேலை. என் வயதுதான் இருக்கும். பத்து நிமிட இடைவேளையில் ஓடிவந்து, ஒரு பனீர் சாண்ட்விச் சொல்லி, "வெங்காயம் வேணாம், பூண்டு வேணாம், முட்டை எதுவும் இல்லையே?" என்று கேட்பாள். தினமும் அதே கேள்வி. நான்காவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நேத்து இல்லாத முட்டை இன்னைக்கு எங்கேர்ந்து வரப்போவுது?" என்றேன்.

அவள் கோபப்படாமல் சிரித்தாள். தாங்கள் ஜைனர்கள் என்றாள். ஜைனர் என்றால் எனக்குத் தெரிந்தது கடைத்தெருவில் இந்தி பேசும் சேட்டுகள் மட்டும்தான். "பாத்தா சேட்டு மாதிரி தெரியலையே" என்று உளறினேன்.

"சேட்டும் இல்ல, ஒண்ணும் இல்லபா. எங்க ஊர்ல நாங்களும் நெல்லு, மல்லாட்டைதான் போடறோம்" என்றாள். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமம் அவளுடையது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம், ஊரிலேயே அவர்களுக்குக் கோயில் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். துணிக்கடை மூடி அவள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வருகிற சாப்பாடு மதியத்தோடு சரி. ஆக, அந்த ஐந்தரை மணி சாண்ட்விச்தான் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு. அதை விட்டால் மறுநாள் காலைதான்.

அதைக் கேட்ட பிறகு அவள் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. ஐந்து இருபதுக்கே தவாவைத் துடைத்து, புதுக் கையுறை மாட்டித் தயாராக இருப்பேன். அவளும் முட்டை பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். நீங்க, வாங்க எல்லாம் போய் நீ, வா ஆகிவிட்டது.

இனி என் கோளாறுக்கு வருகிறேன். பர்கருக்கும் சாண்ட்விச்சுக்கும் தடவுகிற மயோனைஸ் கடையில் இரண்டு வகை. முட்டை சேர்த்தது சிக்கன் பர்கர் மேசைக்கு, முட்டை இல்லாதது என் மேசைக்கு. பார்க்க இரண்டும் ஒரே வெள்ளை. மதியம் நான்தான் இரண்டையும் பாட்டில்களில் நிரப்புவேன். பச்சை மூடி போட்டது முட்டை இல்லாதது, சிவப்பு மூடி முட்டை சேர்த்தது. ஒருநாள் கழுவும்போது பச்சை மூடி விரிசல் விட்டுவிட்டது. புது மூடி கேட்டு வாங்குவதற்குள் ஆயிரம் வேலை. இரண்டுக்கும் சிவப்பு மூடியையே போட்டு, என் பாட்டிலுக்கு மட்டும் அடையாளமாக ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் பௌர்ணமி. மலையைச் சுற்ற வந்த கூட்டம் மதியத்திலிருந்தே கடைக்குள் நெரிந்தது. பாட்டில்களைக் கழுவி, இரண்டையும் நிரப்பி, யாரோடோ வாயடித்துக்கொண்டே ரப்பர் பேண்டை மாட்டினேன். மாட்டியது தப்பான பாட்டிலில்.

எனக்கு அது தெரிந்தது ஏழு மணிக்கு. சிக்கன் மேசையில் இருந்த பையன், "இன்னாபா, இன்னைக்கு மயோ இனிக்குதுன்னு ரெண்டு பேர் சொல்ட்டு போறாங்க" என்றான். முட்டை இல்லாததில்தான் இனிப்பு ஜாஸ்தி. என் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிக்கவில்லை. ஐந்தரை மணிக்கு அவள் என் எதிரில் நின்று கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, டாட்டா காட்டிவிட்டுப் போயிருந்தாள்.

சூப்பர்வைசர் அண்ணனிடம் சொன்னேன். அவருக்கே இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். முகம் வெளுத்து, இரண்டு பாட்டிலையும் சிங்க்கில் கொட்டினார். "சாப்ட்டவங்க போயிட்டாங்க. யாருக்கும் தெரியாது. நீயும் வாயத் தொறக்காத. வெளிய தெரிஞ்சா கடைக்குக் கெட்ட பேரு, உனக்கும் எனக்கும் வேலை இருக்காது" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அன்று அந்தப் பாட்டிலிலிருந்து இன்னும் எத்தனை பேர் வயிற்றுக்குள் போனதோ, அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்களிடம் இன்றுவரை சொல்ல முடியவில்லை. ஆனால் இவள் முகம் தெரியும். மறுநாள் ஐந்தரை மணிக்கு அவள் வந்து நிற்பாள் என்றும் தெரியும்.

வந்தாள். நான் அவள் கண்ணைப் பார்க்காமல் சாண்ட்விச்சைச் செய்தேன். இந்தத் தடவை பாக்கெட்டிலிருந்தே நேராக எடுத்து, மூன்று முறை பார்த்துச் செய்தேன். தட்டை நீட்டும்போது அவள் சொன்னாள். "கடைல எப்டி நம்பி சாப்டறன்னு எங்கம்மா தினம் கேக்கறாங்கபா. எனக்குன்னு தனியா பாத்துப் பாத்து செய்யற பொண்ணு ஒண்ணு இருக்குன்னு சொல்ட்டேன்."

சொல்லலாம் என்று வாயெடுத்தால் ஒரு யோசனை. இப்போது சொன்னால் இதையும் சாப்பிட மாட்டாள், ராத்திரி முழுக்கப் பட்டினி. சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்றால் அது இன்னொரு ஏமாற்று வேலை. அவள் ஒரு துண்டைக் கையில் எடுத்துவிட்டாள். "இரு" என்றேன். சொல்லிவிட்டேன். பாட்டில், மூடி, ரப்பர் பேண்ட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"நேத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"நேத்துதான். ஏழு மணிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. இது நல்லதுதான், சத்தியமா."

அவள் கையிலிருந்த துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தாள். "சரிபா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சூப்பர்வைசர் அண்ணன் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அன்றே என்னைச் சைவ மேசையிலிருந்து எடுத்துப் பின்னால் பாத்திரம் கழுவப் போட்டார். "வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு" என்றார். வீட்டில் அம்மாவிடம் சொல்லி ஆறுதல் தேடலாம் என்று பார்த்தால், அம்மா அதற்கு மேல். "நீ பாட்டுக்கு ஒழுங்கா செஞ்சு குடுத்துட்டு கம்முன்னு இருந்திருந்தா அந்தப் பொண்ணு வயிறாவது ரொம்பியிருக்கும். இப்ப உம் மனசு ரொம்பிச்சு, அது வயிறு காஞ்சுது" என்றாள். அது சுருக்கென்று தைத்தது. உண்மையைச் சொன்னது அவளுக்காகவா, என் நெஞ்சு பாரத்தை இறக்கிவைக்கவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதற்கடுத்து நான்கு நாட்கள் அவள் வரவில்லை. ஐந்தரை மணி ஆனால் நான் சிங்க்கை விட்டுவிட்டு ஏதாவது சாக்குச் சொல்லி வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பேன். துணிக்கடைக் கண்ணாடிக்கு உள்ளே அவள் சுடிதார்களை மடித்து அடுக்கிக்கொண்டிருப்பாள். வெளியே வருவதே இல்லை. காலையில் வாயில் போட்டுக்கொண்ட இரண்டு இட்லியும் மதியத்துச் சோறுமாக நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறாள் என்று நினைத்தால், எனக்கு நான் தின்கிற சோறு இறங்கவில்லை.

ஐந்தாவது நாள் சாயந்திரம் டீ குடிக்கிற நேரத்தில் பேருந்து நிலையத்துத் தள்ளுவண்டியில் நான்கு மஞ்சள் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நேராகத் துணிக்கடைக்குப் போனேன். சிவப்பு டி-ஷர்ட்டும் தொப்பியுமாக நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்து அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மாடிப்படிப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"பசிக்கல."

"பொய் சொல்லாத. நாலு நாளா உன்ன பாத்துட்டுதான் இருக்கேன்." பழத்தை அவள் கையில் வைத்தேன். "இத நான் செய்யல. மரத்துல காய்ச்சது. தோலக்கூட நான் உரிக்கல, நீயே உரிச்சுக்கோ."

அவள் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சாப்பிடச் சாப்பிட எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை டி-ஷர்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

"இதுக்குத்தான் நான் வரல" என்றாள். "அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேன். மறுநாள் ஒரு நாள் உபவாசம் இருந்தேன். தெரியாம நடந்துபோச்சு, விடுன்னு அம்மா சொல்ட்டாங்க. அது அதோட முடிஞ்சுது. அதுக்கு மேல கடைக்கு வந்தா நீ என் மூஞ்சப் பாத்து அழுவியே, அத எப்டி பாக்கறதுன்னுதான் வரல."

நான் என் பாவத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டினி கிடந்தவள் என் அழுகையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அந்த மாடிப்படியில்தான் எங்கள் ஐந்தரை மணி. வாழைப்பழம், கொய்யா, ஒருநாள் வெள்ளரிப் பிஞ்சு. எதை வாங்கினாலும் முழுசாக வாங்குவேன், நறுக்கினதை வாங்கமாட்டேன். அவளே கழுவுவாள், அவளே உரிப்பாள். நான் சாண்ட்விச் பேச்சையே எடுக்கவில்லை. என் கையால் செய்ததை இனி அவள் சாப்பிட மாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நான் பழம் வாங்கக் கிளம்புவதற்குள் அவள் கடைக்கு வந்துவிட்டாள். நான் பின்னால் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தேன். கவுண்டரில் அவள் குரல் கேட்டதும் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஒரு பனீர் சாண்ட்விச்ணா. வெங்காயம், பூண்டு இல்லாம" என்றாள்.

சூப்பர்வைசர் அண்ணனுக்கு அவளை அடையாளம் தெரியும். ரொம்பப் பணிவாக, "இப்ப புதுசா ஒருத்தரப் போட்டிருக்கோம்மா. நல்லா கவனமா செய்வாரு. ஒரு குறையும் வராது" என்றார்.

"வேணாம்ணா. அவளையே செய்யச் சொல்லுங்க."

"அன்னிக்குத் தப்பா போட்டது அவதான்மா."

"தெரியும்ணா. தப்பா போட்டா அவ வந்து சொல்லிடுவா. மத்தவங்க சொல்லுவாங்களான்னு எனக்குத் தெரியாது."

அண்ணன் பின்பக்கம் திரும்பி என்னைப் பார்த்து, "கையத் தொடச்சுட்டு வா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் கையைத் துடைத்து, புதுக் கையுறை மாட்டி, தவாவைக் கழுவி, பாக்கெட்டை அவள் முன்னாலேயே பிரித்தேன். வேகமான கை என்று பெயர் வாங்கியவளுக்கு அன்று ஒரு சாண்ட்விச் செய்யப் பத்து நிமிடம் ஆனது. அவள் இடைவேளையே அதில் போய்விட்டது. நின்றுகொண்டே நாலு கடியில் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே துணிக்கடைக்கு ஓடினாள். அவள் முதல் கடியை மென்று விழுங்கும்வரை நான் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது நான் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறேன். அவள் கல்யாணமாகி வந்தவாசிப் பக்கம் போய்விட்டாள். பேசிக்கொள்வதெல்லாம் போனில்தான். வார்டில் ஏதாவது பிசகு செய்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை, வாயை மூடிக்கொள்ளலாம் என்று மனம் நைசாகப் பேசும்போதெல்லாம் நான் எழுந்து போய் மூத்த சிஸ்டரிடம் சொல்லிவிடுகிறேன். திட்டு நிறைய வாங்கியிருக்கிறேன். தப்பே செய்யமாட்டாள் என்று என்னை யாரும் சொல்லப்போவதில்லை, தப்பு செய்தால் வந்து சொல்லிவிடுவாள் என்று நம்பி ஒருத்தி என் கையால் வாங்கிச் சாப்பிட்டாளே, அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தாலே எனக்குப் போதும்.