பழசைக் கொண்டா

விரல்கள் டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தன. நகம் உருளையை ஒரு சுற்று சுற்றி வந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பில் தட்டி நின்றது. டேப்பை இழுத்துப் பெட்டியின் வாயை ஒட்டி, மேலே நீவிவிட்டு, கைகள் அடுத்த பெட்டிக்குப் போயின. உள்ளே பிரேக் ஷூ. திறக்க வேண்டியதில்லை, தூக்கியபோதே தெரிந்தது. எந்த வண்டிக்குப் போகிறது, அந்த வண்டி எப்படி முனகுகிறது என்பதுதான் தெரியவில்லை. மேலே கோடு கோடாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் பின்கட்டு அது. தகரக் கூரையின் நடுவே ஒரு கண்ணாடித் தகடு பதித்திருந்தார்கள். மதியத்தில் அதன் வழியே இறங்கும் வெளிச்சம் ரப்பர் வாசனையோடு கலந்து, போக மனமில்லாமல் நின்றுவிடும். அதன் கீழே பெட்டி கட்டுபவரை மெக்கானிக்குகள் பழசு என்று கூப்பிடுவார்கள். வயதை வைத்து வந்த பெயர் அல்ல. முன்னால் கவுண்டரில் நின்ற காலத்தில், யார் எதைக் கேட்டாலும் முதலில் "பழசைக் கொண்டா" என்பார். கழற்றிய பாகத்தைப் பலகை மேல் வைத்தால்தான் பேச்சே. அதைத் தடவிக்கொண்டே, "மேட்டுல ஏறும்போது சத்தம் வருதா, இறங்கும்போதா?" என்பார். பதில் வருவதற்குள் அவர் கடையில் இருக்கமாட்டார். பார்த்திராத ஒரு வண்டி, பார்த்திராத ஒரு மேட்டில் திணறிக்கொண்டு ஏறும். அவர் அதன் பக்கத்திலேயே நடந்து போவார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி இருக்கும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் இப்படித்தான். "எந்த ரோட்டுல போறீங்க இப்போ?" என்பாள் மனைவி.

முதலாளியின் மகள் கடையை எடுத்து நடத்தத் தொடங்கியதும் பலகை போயிற்று. அந்த இடத்தில் கண்ணாடித் தடுப்பும் ஒரு சின்ன ஜன்னலும் கம்ப்யூட்டர் திரையும் வந்தன. வண்டி நம்பரைத் தட்டினால் பெட்டி வந்துவிடும். அவளைக் குறை சொல்ல முடியாது. பாதிப் பேர் வீட்டிலிருந்தே கேட்டு வாங்கினார்கள், பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. "கால் வலிக்குதுன்னு சொல்லுவீங்களே மாமா, உள்ள உக்காந்து பாருங்க," என்று அன்பாகத்தான் அவரைப் பின்கட்டுக்கு அனுப்பினாள்.

ரொட்டிக்காரி வந்தது ஒரு தூறல் நாளின் காலையில். பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேன் அவளுடையது. மாமனார் ஓட்டியது. அவர் இறந்த பிறகு இவள் கைக்கு வந்தது. கிளட்ச் பிளேட் தேய்ந்து வண்டி நின்றுவிட்டது. ஜன்னலில் நம்பர் சொல்லி வாங்கிப்போன பிளேட் பொருந்தவில்லை. நாளைக் காலை லோடு ஏற்ற வராவிட்டால் லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பேக்கரியில் சொல்லிவிட்டார்கள். அவள் ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"பழசு அண்ணே! உள்ள இருக்கீங்களா, இல்ல உங்களையும் பெட்டில போட்டு அனுப்பிட்டாங்களா?"

தன்னைத் தேடி ஒருவர் வந்து வெகு நாளாகியிருந்தது. அவர் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தார்.

"பச்சை வேன்தானே? பின் கதவுக்குக் கயிறு கட்டியிருக்கும். உன் மாமனார் வண்டி எனக்குத் தெரியாதாம்மா?"

அந்த வருஷத்து வேனுக்கு இரண்டு வகை பிளேட் உண்டு. மாமனார் முன்பு இவரிடம் வாங்கியது இரண்டாவது வகை. பேசிக்கொண்டே அதை எடுத்துக் கொடுத்தார். பழசைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்று மதியமே கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரொட்டிக்காரியும் அவளுடைய மெக்கானிக்கும் இறங்கி, ஒரு ரொட்டி ட்ரேயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். ட்ரேயில் எண்ணெய் ஒழுக கியர் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தேய்ந்த பிளேட்.

"ஆயுசு முழுக்க பழசைக் கொண்டா, பழசைக் கொண்டான்னு உயிரை வாங்கினியே, இந்தா, மொத்தமா கொண்டாந்துட்டேன்," என்றான் மெக்கானிக். "நீ குடுத்ததும் ஷாப்ட்டுல ஏறல. திரை தப்பாக் குடுத்தா திரைன்னு விட்டுடலாம். உன்னை என்னன்னு சொல்றது?"

வைப்பதற்குப் பலகை இல்லாததால் ட்ரேயைத் தரையில் வைத்தார்கள். பழசு அதன் முன்னால் சம்மணம் போட்டு, தேய்ந்த பிளேட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நடுத்துளையின் பற்களில் கட்டைவிரலை ஓட்டினார். பற்கள் நெருக்கமாக இருந்தன. மாமனார் வாங்கிய பிளேட்டில் அவை அகலம்.

"கியர் பாக்ஸை எப்பம்மா மாத்தினீங்க?"

"நாங்க மாத்தலையேண்ணே." அவள் யோசித்தாள். "மாமா ஒரு தடவை வெளியூர் போய் நாலு நாளா ஆளைக் காணோம். வந்ததும் கேட்டா, வண்டி மக்கர்னாரு, அதுக்கு மேல பேச்சில்லை. அத்தை இன்னிக்கு வரைக்கும் வேற எதையோ சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்காங்க."

மெக்கானிக் வெடித்துச் சிரித்தான். "பாவம் மனுஷன்! செத்தப்புறம் விடுதலை ஆயிட்டாரு."

பழசு சிரிக்கவில்லை. அவர் கடையில் இல்லை, போய்விட்டிருந்தார். பெயர் தெரியாத ஒரு சாலையோரப் பட்டறை. வாசலில் பச்சை வேன், மழையில் நனைந்தபடி. அவளுடைய மாமனார் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார். உள்ளே கட்டைகளின் மேல் ஏற்றி வைத்த ஒரு வண்டி, வயிறு திறந்து கிடக்கிறது. அதன் கியர் பாக்ஸை இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். இருட்டில் அது என்ன வண்டி என்று தெரியவில்லை. பழசு அருகே போய்ப் பார்த்தார். முகம் சின்னது, சக்கரம் சின்னது.

"சின்ன லாரி," என்றார்.

முன்பு கிளட்ச் பிளேட்டுகள் அண்ணன் தம்பி போல ஒரே அலமாரியில் இருந்தன. இப்போது காலியான இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கும், பல்புக்குப் பக்கத்தில் பிஸ்டன் தூங்கும்; எது எங்கே என்று திரைக்குத்தான் தெரியும். அவர் முதலாளி மகளிடம் திரும்பினார்.

"சின்ன லாரி பிளேட் எங்க கிடக்குன்னு கேளும்மா அதை."

அவள் தட்டினாள். "வண்டி நம்பர் கேக்குது மாமா."

"தெருமுனைல குப்பை வண்டி நிக்குது பாரு, அதுவும் அதே சின்ன லாரிதான், அதோட நம்பரைப் போடு."

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் ஓடினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்த நம்பரைத் தட்டி, "கடைசி வரிசை, மேல் தட்டு," என்றாள். ஏணியையும் அவளே பிடித்துக்கொண்டாள்.

புதுப் பிளேட்டைத் தேய்ந்த பிளேட்டின் மேல் வைத்து விளிம்பைத் தடவினார். விரல் எங்கும் இடறவில்லை. கியர் பாக்ஸின் ஷாப்ட்டைத் துணியால் துடைத்து, பிளேட்டை அதன் மேல் வைத்து மெல்லத் திருப்பினார். பல்லோடு பல் சேர்ந்து, பட்டு வழுக்குவதுபோல் அது இறங்கியது. இழுத்தார், வந்தது. விட்டார், போனது.

"குப்பை வண்டி பிளேட்டாண்ணே? ரொட்டி வாங்குறவங்க காதுல போட்டுடாதீங்க," என்றாள் ரொட்டிக்காரி.

பிளேட்டின் நடுத்துளையைச் சுற்றிய கட்டை ஒரு பக்கம் கொஞ்சம் துருத்தியிருந்தது. அவர் சாக்கட்டியால் மறுபக்கத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டார்.

"இந்த வட்டம் இன்ஜினைப் பார்க்கணும். திருப்பிப் போட்டா கியர் விழாது. எங்க பார்க்கணும்?"

"இன்ஜினை," என்றான் மெக்கானிக், வாத்தியார் முன்னால் நிற்பவனைப்போல.

பழசு எழுந்து, பிளேட்டின் முகத்தில் எண்ணெய்க் கை படாமல் விளிம்பைப் பிடித்து அவளிடம் நீட்டினார். அவள் புடவைத் தலைப்பில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு, அதேபோல் விளிம்பைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.