உமி மிதந்த நீர்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் நான் வேலை செய்யும் கட்டடத்தைக் காலையில் பினைல் போட்டுக் கழுவுவார்கள். நான் படியேறி வருவதற்கு முன்பே அந்த வாசம் என் அறைக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்திருக்கும். மற்றவர்களுக்கு அது சுத்தத்தின் வாசம். எனக்கு மட்டும் அதற்கு அடியிலிருந்து இன்னொன்று எழும்பும்: டீசல், ஈர மெத்தை, நனைந்த உமி, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு நீல வாளி. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவேன். பொத்தியும் பயனில்லை. இருபத்திரண்டு அடிப் பாய்ப்படகு ஒன்று அப்படியே நெஞ்சுக்குள் ஏறி நங்கூரம் போட்டுவிடும்.

அந்தப் படகில் நானும் என் கணவரும் இரண்டரை வருடம் குடியிருந்தோம். கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கடலில் விடியல் எப்படி இருக்கும்? வாளியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அவர் இன்னும் படகில்தான் இருக்கிறார். அவரும் விடியல்களைத்தான் தொலைபேசியில் எனக்குப் படமெடுத்து அனுப்புகிறார்.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருபது வருடம் இயந்திரம் திருத்தியவர் அவர். வெளிநாட்டுக்காரர் ஒருவர் திருகோணமலையில் கைவிட்டுப்போன படகைக் கண்டுபிடித்து, ஓட்டைகளை அடைத்து, பாயைத் தைத்து, "வாறியா புள்ள?" என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழ் ஒரு வருடம் இருந்தால் உள்ளங்கால் அரிக்கும் சாதி நான். புளியந்தீவு வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு அவருக்கு முன்பே படகில் கால் வைத்தவள் நான்தான். அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

கடலைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கல்குடாவைக் கழித்து வடக்கே போகும் காலைகளில் கரைக்காற்று பாய்க்குள் புகும் ஒரு நொடி உண்டு. இயந்திரத்தை நிறுத்துவார். சத்தமெல்லாம் வடியும். படகு ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, இதற்குத்தானே பிறந்தேன் என்பதுபோல் நழுவும். நீர் பிளக்கும் ஓசை பட்டுத்துணி கிழிவதைப்போல இருக்கும். அப்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். இருபத்தைந்து வயதில் பார்த்த முகம்.

ஆனால் ஒரு நாளில் கடலைப் பார்க்கிற நேரம் எவ்வளவு? மிச்ச நேரமெல்லாம் படகைத்தான் பார்க்க வேண்டும். மெத்தை ஒருநாளும் காயவில்லை. உப்பு ஏறிய துணி வெயிலில் விறைக்கும், நிழலுக்குக் கொண்டுவந்தால் மறுபடி கசியும். அரிசியில் டீசல். டீசலில் கரப்பான். என் தலைமயிர் அவருடைய தேநீரில். அவர் நகம் வெட்டினால் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில்தான் தெறிக்கும், தெறிக்க வேறு இடமில்லை. காறித் துப்பும் சத்தம், தூக்கத்தில் பல் நறநறக்கும் சத்தம், என் வயிற்றுக்குள் வாயு புரளும் சத்தம், எல்லாம் எல்லோருக்கும் பொது. அந்த "எல்லோரும்" இரண்டே பேர். நேசிக்கிற மனிதரையும் அவ்வளவு கிட்ட இருந்து முகரக் கூடாது.

இனி வாளி. படகில் கழிவறை இருந்த மூலையில் அவர் பற்றரிகளை வைத்துவிட்டார். எங்களுக்கு வாளி. அடியில் இரண்டு பிடி உமி, வேலை முடிந்ததும் மேலே இரண்டு பிடி உமி, பிறகு மூடி. நாற்றத்தை உமி குடித்துவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. நெல் ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக உமி கொண்டுவந்து படகின் முன்பக்கத்தில், அணியத்துக்குக் கீழே அடுக்கியிருந்தார். காலையில் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வாளியைக் கடலில் கவிழ்ப்பார், கழுவுவார், பினைல் ஊற்றுவார். உமி கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டு மிதக்கும், பிறகு அலை அதைக் கலைக்கும். கடலில் பொன் விதைக்கிறோம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். எழுதிய கையை இப்போது பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது வருடம் கார்த்திகையில் கடல் கறுத்தது. பனிச்சங்கேணியில் வெள்ளம் மணல்திட்டை உடைத்து, களப்பு என்கிற கடலோர உப்பேரியின் வாயைத் திறந்துவிட்டிருந்தது. அந்த வாயால் உள்ளே போனோம். பாய்மரம் அங்கிருந்த வீதிப் பாலத்துக்குக் கீழே நுழையாது, அதனால் பாலத்துக்கு இப்பால் நங்கூரம் போட்டோம். மழை ஓய்ந்ததும், பங்குனியில் மணல் திரும்ப வாயை மூடுவதற்கு முன் வெளியேற வேண்டும். தவறினால் அடுத்த மழை வரும்வரை அந்தக் குட்டைக்குள்தான் கிடக்கவேண்டும். உள்ளே வந்ததும் அவர் ஒரு விதி போட்டார்: நீர் கடலை நோக்கி ஓடும்போது மட்டும் வாளியைக் கவிழ்ப்பது. வெள்ளம் ஓடியவரை அந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது.

விடிந்ததும் பெண்கள் ஆறேழு பேர் களப்புக்குள் இறங்குவார்கள். நெஞ்சளவு நீர். இடுப்பில் பறி என்கிற ஓலைக்கூடை. கைகளால் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். கண் எங்கோ பார்க்கும், விரல்கள் மட்டும் வேலை செய்யும். அவர்களில் என் வயதுக்காரி ஒருத்தி, வாய் ஓயாதவள், நாள்தோறும் படகுக்குக் கிட்ட வருவாள்.

"கப்பல்காரி! விடிஞ்சிட்டு, எழும்புகா! சட்டியக் கொண்டா!"

சட்டியில் ஒரு கை இறால் போடுவாள். நான் தேநீர் கொடுப்பேன். தண்ணீருக்குள் நின்றபடியே குடிப்பாள்.

"உன்ட மனிசன் கப்பல் ஓட்டுறாரா, கப்பல் அவர ஓட்டுதா? மூணு மாசமா அசையக் காணல்ல."

அந்த நாட்களில் என் அருவருப்பு முழுவதும் பாலத்தின்மேல்தான் இருந்தது. வாகனங்கள் நிற்கும். சோற்றுப் பொதி, குழந்தையின் அணையாடை, கோழிக்குடல் கட்டிய பை, எல்லாம் நீருக்குள் விழும். நான் படகில் நின்று கத்துவேன். தன்னைச் சுமக்கும் நீரின் முகத்தில் துப்புகிறவர்கள் என்று ஒரு நீண்ட பத்தி எழுதி அனுப்பினேன். பத்திரிகையில் வந்தது. அவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "நல்லா ஏசியிரிக்கா புள்ள" என்றார். எழும்பிப் போய் வாளியைக் கவிழ்த்தார்.

மாசியில் மழை ஓய்ந்தது. வாய் ஒடுங்கியது. ஒரு காலை அவள் சட்டி கேட்கவில்லை. ஈரக் கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"தங்கச்சி, இது என்னண்டு பாரு."

உமி.

"கரையில கண்ணா மரத்து வேரெல்லாம் இதுதான் ஒட்டிக் கிடக்கு. பறிக்குள்ளயும் வருது. உப்புத் தண்ணிக்குள்ள ஆர்கா நெல்லுக் குத்துற?"

"மில்லுல இரிந்து வருமாக்கும்" என்றேன்.

"இஞ்ச எங்க இரிக்கு மில்லு?"

பின்னால் நின்றவள் சொன்னாள்: "கப்பலுக்குள்ள மாடு வளக்காங்களோ தெரியா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் என் வாயிலிருந்து வந்தவற்றில் அந்தச் சிரிப்பைவிட அழுக்கானது எதுவுமில்லை. அவள் முழங்கையைச் சொறிந்துகொண்டாள். "ரெண்டு கிழமையா ஒரே கடி. என்ன பூச்சியோ." அது எங்களால்தானா என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பிறகு வழக்கம்போலச் சட்டியை வாங்கி இறால் போட்டுவிட்டுப் போனாள். கழுவும்போது பார்த்தேன். ஒரு இறாலின் கால்களுக்கு நடுவே, நீளவாக்கில், ஒற்றை உமி.

அன்று அவர்தான் சமைத்தார், அவர்தான் சாப்பிட்டார். நான் படகின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு ஓங்காளித்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி ஓடல்ல" என்றேன். "ஒரு கிழமையா அப்படியே நிக்கிது."

"ஓடுது. அடியால ஓடுது."

"அடியால ஓடினா உமி ஏன் மேலால கரைக்குப் போகுது?"

அவர் விரலை நக்கிக்கொண்டு சிரித்தார். "ஏன் புள்ள, மீனெல்லாம் கரைக்குப் போயா பேலுது?"

"நாளையில இரிந்து கரையில புதைப்பம்."

"பீ வாளியத் தோணியில வச்சு ஊர்வலம் போகச் சொல்லுறியா? பாலத்துல நிண்டு சனம் பாக்கும்."

"பாக்கட்டும்."

"பாலத்துச் சனத்தப் பத்தி நீதானே எழுதினாய்? இனி அதுகள் உன்னப் பத்தி எழுதும்."

கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரு நாள் நான், ஒரு நாள் அவர். என் முறை வரும் நாட்களில், படகோடு கட்டியிருந்த சின்னத் தோணியில் வாளியை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு துடுப்புப் போடுவேன். தாழைப் புதருக்குப் பின்னால் மணலைத் தோண்டுவேன். இடுப்பு முறியும், ஈ மொய்க்கும், ஆனாலும் திரும்பி வரும்போது உடம்பு கொஞ்சம் இலேசாக இருக்கும். அவர் முறையில் அவர் போய் வந்து, "புதைச்சிட்டன்" என்பார்.

அவருடைய நாலாவது முறையன்று தோணியைக் கழுவ இறங்கினேன். மண்வெட்டியின் வாயில் என்னுடைய முந்தினநாள் மணல் காய்ந்தபடியே இருந்தது. அவர் காலில் மணலே இல்லை.

"புதைச்சீங்களா?"

"ஓம் எண்டன்தானே."

தோணிக்குப் பின்னால் நிற்கும் நீரில் உமி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைக் காட்டவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்து மூன்று வருட வாழ்க்கையில் அவர் காற்றைப் பற்றி ஒருநாளும் எனக்குப் பொய் சொன்னதில்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்பார். அந்த ஒன்றை நம்பித்தான், நீச்சல்கூட ஒழுங்காகத் தெரியாத நான், அவரோடு கடலுக்குப் போனேன். ஒரு மண்வெட்டி மணலுக்குச் சோம்பி இவ்வளவு இலேசாகப் பொய் சொல்கிறவர், நாளைக்குக் கல்லடுக்குக்கு மேலே போகும்போது அடியில் ஆழம் இருக்கிறது என்றால், நான் எதைக்கொண்டு நம்புவது? அவரோடு திரும்பக் கடலுக்குப் போவதா இல்லையா என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு முதலில் வந்தது.

நானும் பொய்க்காரிதான். அடுத்த காலை கரைக்குப் போய், எனக்கு இறால் போடுகிறவளிடம் சொன்னேன். "அக்கா, அந்த உமி எங்கட. படகுல வாளிக்குள்ள போடுறது. மலத்துக்கு மேல."

அவள் என்னைப் பார்த்தாள். பறியைப் பார்த்தாள். உள்ளே இருந்த இறாலையெல்லாம் மணலில் கொட்டினாள்.

"இதையா நான் என்ட புள்ளையளுக்கு ஆக்கிக் குடுத்த?"

துப்பினாள். என் காலடியில்தான் விழுந்தது. நான் காலை எடுக்கவில்லை.

பூரணை வந்தபோது வாய் இரண்டு மாட்டுவண்டி அகலமே இருந்தது. அன்று கடல் ஏறும் காலைப் பெருக்கில் போகாவிட்டால் போகவே முடியாது. படகின் வயிற்றுக்குக் கீழே நீட்டியிருக்கும் அடிப்பலகையைக் கயிற்றால் மேலே தூக்கிக் கட்டி, ஒருவர் சுக்கானில் இருக்க, மற்றவர் நீரில் இறங்கித் தள்ளவேண்டும். அன்று வாளிக்கு என் முறை. கொண்டுபோய்ப் புதைத்தேன். திரும்பும்போது வாளியைப் படகுக்குக் கொண்டுவரவில்லை. மணலில் வைத்து, பக்கத்தில் என் துணிப்பையையும் வைத்தேன். அப்போதுகூட மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை. கடற்காற்று முகத்தில் அடித்ததும் உள்ளங்கால் அரித்தது உண்மை.

படகு வாயின் நடுவே மணலில் குந்திவிட்டது. இயந்திரம் சேற்றைக் கடைந்தது. நான் ஒருத்தியாகத் தோள் கொடுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்போதுதான் அந்தப் பெண்கள் வந்தார்கள். கூப்பிடவில்லை, தாங்களாகவே இறங்கினார்கள். அவள் எனக்குப் பக்கத்தில் தோளை வைத்தாள்.

"உதவிக்கு வந்த எண்டு நினைச்சிராத. வாய் மூடிட்டா மாரி வாற மட்டும் நீங்க எங்கட தண்ணிக்குள்ளதான் கிடப்பீங்க. தள்ளு!"

தள்ளினோம். குனிந்து தோள் கொடுத்தால் கழுத்தளவு அந்த நீர். வாய்க்குள் வந்ததைத் துப்பவும் வெட்கப்பட்டு விழுங்கினேன். மூன்றாவது தள்ளலில் அடி வழுக்கியது. முதல் அலை வந்து படகைத் தூக்கியது. பெண்கள் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்கள். பாய் படபடத்தது. அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மற்றக் கையை என்னிடம் நீட்டினார்.

"ஏறு புள்ள! அலை இழுக்குது!"

அந்தக் கை எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"நான் வரல்ல."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு அலை போய் இன்னொரு அலை வந்தது. பிறகு தலையைத் திருப்பி, பின்பக்கத்தில் எப்போதும் கட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தார்.

"வாளி எங்க?"

"என்னட்ட இரிக்கு. நீங்க போங்க."