காலரைச் செத்த இறக்குங்கண்ணே

பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் பின்கழுத்தை வினோலியா சிஸ்டர் பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரமாகிவிட்டது. சாணார்பட்டிப் பக்கம் போகிற டவுன் பஸ். ஜன்னல் வெயில் அந்தக் கழுத்தின்மேல் நேராக விழுகிறது. இவ்வளவு நல்ல வெளிச்சத்தை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. குனிந்து, அந்த மனிதரின் தோளை ஒரு விரலால் தட்டினார்.

"அண்ணே, காலரைச் செத்த இறக்குங்க."

"எதுக்கும்மா?"

"தேமலா படர்தாமரையான்னு பார்த்துட்டா நிம்மதியா இறங்கிப் போயிருவேன்."

காலரை இறக்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. அந்த வழித்தடத்துக் கண்டக்டர் மட்டும் பழகிய ஆள். "சிஸ்டர், டிக்கெட் எடுத்தவங்களப் பாருங்க, என்னைய விட்ருங்க" என்று தன் முழங்கையைத் தோல் பைக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். அங்கே ஒரு கரப்பான் படை இருப்பது வினோலியாவுக்கு எப்போதோ தெரியும்.

திண்டுக்கல்லில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் அவர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மற்ற பெண்கள் சாவிக்கொத்து செருகும் இடத்தில் ஒரு பேனா டார்ச். வெளிநோயாளிப் பிரிவில் டாக்டர் நாற்காலிக்கு வலது பக்கம் நின்று அந்த டார்ச்சைப் பிடிப்பதுதான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் வேலை. கண்ணைப் பார்க்கும்போது வெளிச்சம் கொஞ்சம் விலகிவிட்டால் டாக்டர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். தலையை நிமிர்த்தாமல், ஒற்றை விரலால் அவர் மணிக்கட்டை மேலே தள்ளுவார்கள். எத்தனையோ டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள், அந்த விரல் மட்டும் மாறவே இல்லை. "ஏதோ டேபிள் ஃபேனத் திருப்புற மாதிரில்ல திருப்புறாக" என்பார் வினோலியா.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் மிஷன்காரர்கள் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சாணார்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில் சின்ன மருத்துவ நிலையம் திறக்கப் போகிறார்கள். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் சாதாரண நோய்களைப் பார்த்து மருந்து கொடுக்க, 'நர்ஸ் பிராக்டிஷனர்' பரீட்சை பாஸ் செய்த ஒரு நர்ஸ் இருப்பார். அவருக்குத் தனி அறை, தனி மேஜை, கை வைத்த நாற்காலி. மற்றவர்கள் சம்பளம் எவ்வளவு ஏறும் என்று கேட்டார்கள். வினோலியா கேட்டது ஒன்றுதான்: "அந்த நாற்காலி சுத்துமா, சும்மா நிக்குமா?"

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, பிரசவத்துக்கு முந்திய பரிசோதனை என்று எல்லாப் பாடத்திலும் முதல் தடவையே தேறிவிட்டார். தோலும் கண்ணும் என்ற ஒரு பாடம்தான் இரண்டு முறை காலை வாரிவிட்டது. குற்றம் புத்தகத்தினுடையது என்பது அவர் கட்சி, அதில் நியாயமும் இருந்தது. கொடுத்திருந்த தடித்த புத்தகத்தில் இருந்த படங்களெல்லாம் வெள்ளைக்காரர்களின் படங்கள். சிவந்த வளையம் என்று போட்டிருந்தால் படத்தில் வளையம் செக்கச்செவேல் என்று இருக்கும். இரண்டாவது தடவை செய்முறைத் தேர்வில் அவர் முன்னால் நிறுத்தப்பட்டதோ வெயிலில் காய்ந்த ஒரு கடலைக்காட்டு விவசாயி. இடுப்பில் வளையம் இருந்தது, சிவப்பைத்தான் காணோம். டார்ச்சை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "பழைய தழும்பு" என்று எழுதிவைத்துவிட்டு வந்தார். படர்தாமரைக்காரர் வாசல்வரை சொறிந்துகொண்டே போனார்.

"நம்ம ஊர்ல எவன் ரோஸ் கலர்ல இருக்கான்? இந்தப் புத்தகத்தக் கட்டி அழுதா இந்த ஜென்மத்துல நாற்காலி கெடைக்காது" என்று அதை மூடிவைத்தார். அன்றைக்குத்தான் வேட்டை ஆரம்பமானது. ஊரின் தோலை ஊரிலேயே படிப்பது என்று முடிவு. மூன்றாவது தடவைக்குமேல் வாய்ப்பு கிடையாது என்பதால் வேட்டையில் கொஞ்சம் வெறியும் சேர்ந்துகொண்டது.

ஞாயிறு பூசைக்கு முதல் வரிசையில் இடம் பிடித்தார். பக்தி கூடிவிட்டதாகப் பங்குச் சாமியார் மகிழ்ந்துபோனார். நற்கருணை அப்பம் வாங்க ஊரே வரிசையில் வந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டுகிற இடம் அது என்பது சாமியாருக்குத் தோன்றவில்லை. விரல் இடுக்கில் சிரங்கு, நகத்தில் பூஞ்சை, கெட்டித்த தோல் எல்லாம் வரிசையாக வந்து காட்சி கொடுத்துவிட்டுப் போயின. பாடல் குழு ஆனந்தமேரி பூசை முடிந்ததும் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுவார். "ஆனந்தம், பாத்திரம் விளக்குற சோப்ப மாத்துடி" என்ற குரல் அவரைக் கோயில் வாசல் மாதா கெபிவரைக்கும் துரத்தும்.

பேகம்பூரில் வளையல் கடை வைத்திருக்கும் மெஹராஜ் அவருக்கு ஆயுட்காலத் தோழி. திண்டுக்கல்லில் பாதிப் பெண்களின் மணிக்கட்டு மெஹராஜின் கை வழியாகத்தான் போகிறது. கடை வாசலில் ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் போன் உண்டு. வித்தியாசமாக எதையாவது பார்த்துவிட்டால் மெஹராஜ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிடுவார்.

"நர்ஸக்கா, அருமையா ஒண்ணு வந்திருக்கு. வெள்ளி மாதிரி செதில் செதிலா உதுருது. வாரியா?"

"ஆள விட்றாத, இந்தா வாரேன்."

வினோலியா ஆட்டோ பிடித்து வந்து சேரும்வரை, அந்தப் பெண்ணின் கைக்கு எந்த வளையலும் பொருந்தாது. ஒன்று இறுக்கமாக இருக்கும், அடுத்தது தொளதொளக்கும், மூன்றாவதின் நிறம் சரியிருக்காது. வினோலியா யாரோ ஒரு வாடிக்கையாளர் போல வந்து உட்கார்ந்து, "ஏம்மா, இது குளிர்காலத்துல கூடுதா?" என்று பேச்சைத் தொடங்குவார். பல பேர் வளையல் வாங்க வந்து மருந்துச் சீட்டோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

மெட்ராஸ் ஐ ஊருக்குள் வந்த மாதம் அவருக்குத் திருவிழா. கறுப்புக் கண்ணாடியோடு யாராவது எதிரே வந்தால் மற்றவர்கள் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இவர் மட்டும் நடுத்தெருவில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். "பார்த்தாலெல்லாம் ஒட்டாது. தொட்டாத்தான் ஒட்டும்" என்று சுற்றி நிற்பவர்களுக்குப் பாடமும் எடுப்பார். எடுத்துக்கொண்டே, இமையைப் பிரித்த அதே விரலால் தன் கண்ணையும் கசக்கிவிட்டார். மறுநாள் இரண்டு கண்ணும் கோவைப்பழம். தெருவே சிரித்தது. அவரோ கைக்கண்ணாடியை ஜன்னலருகே வைத்துக்கொண்டு, தன் கண்ணையே நாள் முழுக்கப் பார்த்துக் களித்தார். "இதுக்குக்கூட ஆள் தேட வேண்டாம் பாருங்க" என்று கணவரிடம் பெருமை வேறு.

அந்தக் கணவர்தான் இந்தக் கதையில் பெரிய வில்லங்கம். ராயப்பராஜ், ஒரு பள்ளியில் டிரில் வாத்தியார். உதட்டை மூடிய முழு மீசை. பிள்ளைகள் விசிலுக்குப் பயப்படுவதைவிட அந்த மீசைக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். சில மாதங்களாக அந்த மீசைக்குக் கீழே ஒரு அரிப்பு. தோல் தடித்து, பொரிந்து, சில நாள் நீர் வடியும். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேதான் நடமாடினார்.

வினோலியா முதலில் படை என்று களிம்பு போட்டார். கேட்கவில்லை. சோப்பை மாற்றினார், ஷேவிங் கிரீமை மாற்றினார். அடுத்து வெஞ்சனத்தில் கை வைத்தார். கத்தரிக்காய் போயிற்று, கருவாடு போயிற்று. வாத்தியார் தயிரையும் புடலங்காயையும் தின்றுகொண்டு வாய் திறக்காமல் இருந்தார். அரிப்பு அடங்கும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பொங்கும்.

"வேற எதையாச்சும் தடவுறீகளா?"

"நான் என்னத்தத் தடவப் போறேன்?"

தடவுவது தலைச்சாயம். இது வினோலியா ஒருவரைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரியும். நரைத்த மீசைக்கு அவர் பள்ளி விளையாட்டுச் சாமான் அறையில், பூப்பந்து வலைக்குப் பின்னால் கண்ணாடி வைத்து மை தீட்டிக்கொள்வார். பாக்கெட் வாங்குவது மெஹராஜின் கடையில். ஊரிலுள்ள சொறியையெல்லாம் போன் போட்டுச் சொல்லும் மெஹராஜ் இதை மட்டும் சொல்லவில்லை. வாத்தியார் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் நிலைமையும் பாவம்தான். மாமனார் இருதயநாதன் தலைக்கு மை போடுகிறவர். "ஒங்கப்பாருக்குத் தலையா, பாலிஷ் போட்ட செருப்பா?" என்று கல்யாணமான நாள் முதல் மனைவியைச் சீண்டிவந்த மனிதர், இப்போது எந்த முகத்தோடு ஒப்புக்கொள்வது?

பரீட்சை நெருங்க நெருங்க வினோலியாவுக்குத் தூக்கம் போயிற்று. கைக்குட்டைகளில் இருந்த கறுப்புக் கறையை, "சைக்கிள் செயினத் தொட்டுட்டு இதுலயா தொடைப்பீக?" என்று திட்டிக்கொண்டே துவைத்தார். ஒருநாள் கல்லில் துணியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வீட்டுக்குள்ள இருக்குற ஒத்த மீசையக் கண்டுபிடிக்க முடியல. நான் எங்க போயி நாற்காலில உக்கார?" என்று மெஹராஜிடம் அழுதே விட்டார். மெஹராஜுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சத்தியத்தை நினைத்து, ஒரு டஜன் வளையலை எடுத்துத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மூன்றாவது செய்முறைத் தேர்வுக்கு மதுரையிலிருந்து தோல் டாக்டர் அம்மா ஒருவர் வந்திருந்தார். அதிகம் பேசாதவர். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் பொன்னுத்துரை, மல்லிகைத் தோட்டக்காரர், நல்ல வயசாளி. இரண்டு இமையும் வீங்கிக் கண் சிறுத்துப் போயிருந்தது. நெற்றி ஓரமும் காதோரமும் பொரிந்து நீர் வடிந்தது.

வினோலியா டார்ச்சை எடுத்தார். கண்ணில் ஆரம்பிப்பதா, தோலில் ஆரம்பிப்பதா? மெட்ராஸ் ஐ என்றால் கண் சிவந்திருக்க வேண்டும், வெள்ளை விழி சுத்தமாக இருக்கிறது. அக்கி என்றால் ஒரு பக்கம்தான் வரும், இது இரண்டு பக்கமும். படை என்று வாயெடுத்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். காது மடலில் ஒரு கறுப்புக் கறை. எங்கேயோ பார்த்த கறை. தினமும் துவைக்கிற கறை. டார்ச்சைத் தலைக்கு உயர்த்தினார். கன்னங்கரேல் என்ற முடிக்கு அடியில், வேரோரம் அத்தனையும் வெள்ளை.

பரீட்சை அறையில் வினோலியா பக்கென்று சிரித்துவிட்டார்.

"என்ன சிரிப்பு?" என்றார் டாக்டர் அம்மா.

"ஒண்ணுமில்ல டாக்டர், வீட்டு ஞாபகம்." பெரியவரின் காதருகே குனிந்தார். "அய்யா, தலைக்கு என்னைக்கு மை போட்டீக?"

பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "மெல்லப் பேசு தாயி. பேத்தி கல்யாணம். எல்லார்ட்டயும் மருதாணின்னு சொல்லிருக்கேன்."

"இதுக்கு முந்தி போட்டப்பவும் அரிச்சுச்சா?"

"அரிச்சுச்சு. இம்புட்டு இல்ல."

டாக்டர் அம்மா பேனாவைத் திறந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவர் எழுதியது ஒரு டிக் என்பதை வினோலியா தலைகீழாகவே படித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ராயப்பராஜ் கைக்குட்டையும் கையுமாகக் காத்திருந்தார். பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டு, மனைவிக்குப் பிடித்த காரச்சேவு வாங்கி வைத்திருந்தார்.

"என்னாச்சு வினோ? பாஸா?"

வினோலியா பக்கத்தில் வந்தார். பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்கு நடுவே அவர் மோவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, கைக்குட்டையை விலக்கினார்.

"என்னைக்கு மை போட்டீக?"

வாத்தியாருக்கு விசில் தொண்டையில் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. "யாரு, மெஹராஜா சொல்லிருச்சு?"

"ஓகோ, மெஹராஜுக்கும் தெரியுமா?"

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ படிச்சு மேல போயிட்டிருக்க. நாளைக்கு டாக்டர் நாற்காலில உக்காருவ. பக்கத்துல ஒரு நரைச்ச கெழவன் நிக்கணுமாக்கும்?"

திட்டுவதற்காகப் பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வினோலியாவுக்கு மறந்துபோயின. எத்தனையோ கழுத்தைப் பார்த்த கண், இந்த மனிதரைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. ஆனாலும் நர்ஸ் நர்ஸ்தானே. "மீசைய எடுத்துருங்க. மையத் தொடக் கூடாது. கருவாட்டுக் கொழம்பு நாளைலேர்ந்து உண்டு" என்று சொல்லிவிட்டுக் காரச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்தார். மெஹராஜோடு மட்டும் ஒரு வாரம் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவ நிலையம் திறந்தார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நாற்காலி சும்மா நிற்கிற வகைதான், ஆனால் கை வைத்தது. வினோலியா உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார். வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒத்தாசைக்கு நியமித்த பெண் மறுநாள்தான் வருவாள். மீசையில்லாத மேல் உதட்டோடு ராயப்பராஜ் தானே உள்ளே வந்து, நாற்காலிக்கு வலது பக்கம் நின்றார்.

முதலில் வந்தது அய்யம்மாள், தக்காளிக்காட்டுக் கூலி. கண்ணில் தூசி விழுந்து உறுத்துகிறது என்றார். வினோலியா டார்ச்சைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் குனிந்து இமையைப் பிரித்தார். வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சை அடித்தார். வெளிச்சம் கண்ணை விட்டு மூக்கில் விழுந்தது.

வினோலியா தலையை நிமிர்த்தவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. ஒற்றை விரலால் அவர் மணிக்கட்டை மேலே தள்ளினார்.