பெயருக்காக விட்ட இடம்

சலவைத் துணி எடுத்துப்போகும் பிரம்புக்கூடையில் முப்பதுக்கும் மேற்பட்ட செல்போன்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி, அதில் அறை எண். குன்னூரில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்த விடுதியில் வேறொரு மாநிலத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் வந்திறங்கிய நாள் அது. அங்கே முதலமைச்சர் பதவி விலகியிருந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் இவர்கள். எதிரணி இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் கட்சியே இவர்களை மலையேற்றி, போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, வாசலில் காவலும் போட்டிருந்தது.

பன்னிரண்டாம் அறையில் ஒரு பெண் உறுப்பினர். முன்பு கணக்கு டீச்சர், முதல் தடவை ஜெயித்தவர். எல்லையோரத் தொகுதி என்பதால் தமிழ் பேசுவார். கம்பளியை அவரே மடித்து வைத்துவிடுவார். இரண்டாம் நாள் காலையில் துண்டு மாற்றப் போனேன்.

"உங்க போனைக் கொஞ்சம் கொடுங்கம்மா. யாரைத் தலைவராக்கலாம்னு ஊர்ல நாலு பேரைக் கேக்கணும்."

போன் என் கோட்டுப் பையில்தான் இருந்தது. கொடுத்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். "எங்கிட்ட இல்லீங்க மேடம்" என்றேன். அவர் என் பையைப் பார்த்தார். கூச்சத்தை மறைக்க ஏதோ கேட்டு வைத்தேன்: "முதலமைச்சரை ஜனங்கதானுங்களே ஓட்டுப் போட்டு எடுக்கறாங்க?"

"இல்லம்மா. ஜனங்க எனக்குப் போட்டாங்க. சபையில பாதிக்கு மேல எங்களை மாதிரி ஆளுங்க யார் பக்கம் நிக்கறாங்களோ, அவரைத்தான் கவர்னர் கூப்பிடுவாரு. அதனாலதான் எங்களைப் பூட்டி வெச்சிருக்காங்க."

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் ஓட்டுரிமை இல்லாமல் வளர்ந்து, இங்கே வந்த பிறகு அதைப் பெற்றவர் என் அப்பா. ஒவ்வொரு தேர்தலிலும் முதலமைச்சருக்கே நேராகப் போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான்.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். டீ கொடுக்க நின்றிருந்தேன். அவர்கள் பேச்சு எனக்கும் ஓரளவு புரியும். கீழே கையெழுத்திட்டவர்கள் இன்னாரைத் தலைவராக ஏற்கிறோம் என்ற கடிதம் மேசை மேசையாக வந்தது. இன்னார் யார் என்ற இடம் மட்டும் காலி. எல்லோரும் போட்டுக்கொண்டே வந்தார்கள். டீச்சர் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"பேரை எழுதுங்க. அப்புறம் போடறேன்."

மூத்தவர் ஒருவர் சிரித்தார். "அதை மேலிடத்துல எழுதிக்குவாங்கம்மா. உங்களுக்கென்ன?"

"எனக்கு ஓட்டுப் போட்டவங்க பேர் பார்த்துத்தானே போட்டாங்க?"

யார் யாரோ போய்க் கெஞ்சினார்கள், பிறகு மிரட்டினார்கள். அவர் எழுந்திருக்கவேயில்லை. இன்னும் கையெழுத்துப் போடாத இரண்டு பேர் மெல்லத் தங்கள் பேனாவையும் கீழே வைத்தார்கள். மாலை மூடுபனி இறங்கும் நேரத்தில் பெயர் வந்தது. எழுதினார்கள். டீச்சர் படித்தார், முகம் லேசாக வாடியது, கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பெட்டியை வண்டியில் வைக்கும்போது கேட்டேன்: "நீங்க நெனச்ச பேருங்களா?"

"இல்ல. ஆனா யாருக்குப் போட்டேன்னு ஊர்ல போய்ச் சொல்ல முடியும்."

"நேத்து எங்கிட்ட போன் இருந்துச்சுங்க மேடம்."

"தெரியும்மா" என்று என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு ஏறினார். அவரை மந்திரியாக்கவில்லை. அடுத்த தேர்தலில் சீட்டும் தரவில்லை. போனைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் கொடுத்திருக்கலாம்.

இந்தத் தேர்தலுக்கு எங்கள் தோட்டத்து லைன் வீடுகளுக்கு ஓட்டுக் கேட்டு ஒரு வேட்பாளர் வந்தார். கும்பிட்டுவிட்டு நகரப்போனவரிடம், "ஏனுங்க, ஜெயிச்சா யாரை முதலமைச்சராக்கக் கையெழுத்துப் போடுவீங்க? மாத்திப் போட்டா எங்ககிட்ட வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்து, கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். அதற்குள் அப்பா உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டார்.

"அவசரமில்ல தம்பி. உக்காந்தே சொல்லுங்க."