குடும்பப் புத்தகத்தில் யிங்கின் பக்கம்

ஜூலை மாதத்தில் ஒக்லாந்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இங்கே அது நடுக் குளிர்காலம். மழையில் நன்றாக நனைந்துவிட்டு, பிறகு ஊரைக் குறை சொல்வார்கள். நானும் அந்த மாதத்தில்தான் போனேன். காரணம் யிங்.

பென்ரோஸில் ஒரு குளிர்களஞ்சியத்தில் நானும் யிங்கும் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் பெட்டி கட்டினோம். நான் பிறகு ஹாமில்டனுக்கு வந்துவிட்டேன். அவள் பக்குரங்காவிலேயே இருக்கிறாள். இத்தனை காலமும் நிரந்தர வதிவிட விசாவே போதும் என்றிருந்தவள், மகள் பிரிஸ்பேனில் குடியேறிய பிறகு மனம் மாறினாள். இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் மகளோடு போய் இருக்கலாம். ஆனால் சீனா இரண்டு குடியுரிமைக்கு இடம் கொடுப்பதில்லை. இங்கே சத்தியம் எடுத்தால் அங்கே இல்லாமல் போகும்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சத்தியம். நீ வராட்டி நான் போகமாட்டன் ரதி" என்றாள் ஃபோனில். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி உடைந்த இங்கிலீசு. அவள் சொன்னதை எல்லாம் என்னுடைய யாழ்ப்பாணத் தமிழில்தான் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை 6.30க்கு ஹாமில்டனில் பஸ். டிக்கெட் 24 டொலர். 8.10க்கு மனுகாவ். அங்கிருந்து கிழக்கு வழி ரயிலில் பான்மியூர், ஏறக்குறைய 25 நிமிடம். பான்மியூரில் இறங்கி எதிரே வரும் பஸ்ஸில் ஏறினால் மூன்று கிலோமீற்றரில் பக்குரங்கா பிளாசா. குடை கொண்டுபோகாதீர்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். நான் ஒன்றைப் பான்மியூரில் பஸ்ஸுக்கு நின்றபோது பறிகொடுத்தேன்.

யிங் பிளாசா வாசலில் நீலக் கோட்டோடு நின்றாள். தலைக்குச் சாயம் அடித்திருந்தாள். "கலியாணத்துக்கே நான் இவ்வளவு உடுத்து வெளிக்கிடேல்லை" என்றாள். மண்டபம் அங்கிருந்து பதினைந்து நிமிட நடை. அந்தப் பதினைந்து நிமிடமும் அவள் ஒரு காகிதத்தை எனக்குக் காட்டிக்கொண்டே நடந்தாள். அவளுடைய வீட்டுக் குடும்பப் புத்தகத்தில் அவளுக்குரிய பக்கத்தின் பிரதி. சீனாவில் வீட்டுக்கு ஒரு பதிவுப் புத்தகம், ஆளுக்கு ஒரு பக்கம். புத்தகம் வடகிழக்கில் யான்ஜி நகரத்தில் அவளுடைய அக்காவிடம் இருக்கிறது. தங்கை வேறு நாட்டுக்காரி ஆனதும், அக்கா அதைப் பொலிஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தை வெட்டிக்கொண்டு வர வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் "மின்ஸு" என்று ஒரு வரி. நம்முடைய "இனம்" மாதிரி. யிங்குக்கு அதில் "கொரியர்" என்று இருந்தது. எனக்கு இது புதினம். பதினொரு வருடம் பழகியும் அவளை வெறும் சீனத்தி என்றே நினைத்திருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

"சீனாவில ஐம்பத்தாறு வகைச் சனம் இருக்கு. ஒவ்வொண்டும் ஒரு மின்ஸு. எல்லாரையும் சேத்துக் கட்டினா அதுவும் ஒரு மின்ஸுதான், முழுச் சீன மின்ஸு. நான் ரெண்டுக்கும் உள்ள."

"அப்ப தேசியம் எண்டதுக்கு உங்கட சொல் என்ன?"

"அது ஆர் கதைக்கினம் எண்டதைப் பொறுத்தது. 'மின்ஸு ஜூயி' எண்டு ஒரு சொல் இருக்கு, மின்ஸுவில இருந்து வந்தது. எங்களை மாதிரிச் சின்னச் சனம் எங்கட பள்ளிக்கூடம், எங்கட பாஷை எண்டு கொஞ்சம் உரத்துச் சொன்னா அந்தச் சொல்லைத்தான் எங்கட தலையில வைப்பினம். அது நல்ல பேர் இல்லை. அரசாங்கம் கொடி பிடிச்சா அதுக்கு 'ஐகுவோ ஜூயி'. நாட்டை நேசிக்கிறது."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். எங்கள் நாட்டிலும் இதே சங்கதிதானே. பெரிய சனம் கத்தினால் நாட்டுப்பற்று, நாங்கள் வாய் திறந்தால் இனவாதம். இதைச் சீனத்தில் கேட்க எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

"வெளிநாட்டில இருக்கிற சீனக் குடிமகனுக்கு 'ஹுவாச்சியாவ்' எண்டு பேர். குடியுரிமை மாத்தினா 'ஹுவாரன்'. நாடு போனாலும் ரத்தம் சீனம் எண்டு அர்த்தம். மற்றச் சீனர் சத்தியம் எடுத்தா ஒரு சொல்லில இருந்து மற்றச் சொல்லுக்கு ஏறுவினம். என்ர ரத்தம் கொரிய ரத்தம். கொரியாக்காரர் என்னைச் சீனத்தி எண்டினம். எனக்கு ஏற ஒரு சொல்லும் இல்லை, ரதி. இந்தப் பக்கம் ஒண்டிலதான் நான் ரெண்டுமா இருக்கிறன்."

மண்டபத்தில் நாற்பது பேர் இருக்கும். எனக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலித் தம்பி மனைவிக்காக வந்திருந்தார். ஐடி வேலையாம். "அடுத்த மாசம் என் முறைங்க. இந்தியப் பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுக்கணும். எங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல" என்றார். பிறகு ஃபோனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒவ்வொருவரின் பெயரையும் வந்த நாட்டையும் வாசிப்பார்கள். போய்க் கைகொடுத்து, சான்றிதழும் ஒரு சின்ன மரக்கன்றும் வாங்க வேண்டும். எனக்கு நான் சத்தியம் எடுத்த நாள் ஞாபகம் வந்தது. முன்கூட்டியே நிரப்பிக் கொடுக்கும் அட்டையில் நாடு என்ற இடத்தில் நான் "தமிழ்" என்று எழுதிக் கொடுத்தவள். அலுவலகத்துப் பெண் ஃபோன் எடுத்து, "இது ஒரு நாடு இல்லையே" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அன்று மேடையில் "ஸ்ரீலங்கா" என்று வாசித்தபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் எழும்பாமல் இருந்துவிட்டேன்.

யிங்கின் பெயர் வந்தது. "சீனா" என்றார்கள். அவள் எழும்பவில்லை. காகிதத்தை மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள். வாசிப்பவர் இன்னொரு முறை வாசித்தார். போகாதே என்று சொல்லிவிடலாம் போல் இருந்தது எனக்கு.

"மகள் வழி பாத்துக்கொண்டிருப்பாள்" என்றேன். எழும்பிப் போனாள்.

12.40க்குப் பான்மியூரிலிருந்து ரயில், இரண்டாவது நிறுத்தம் ஒடாஹுஹு. பசியோடு போங்கள், அந்தத் தெருவில் எந்த நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும். இரண்டு கோப்பை நூடில்ஸ் 31 டொலர், நான்தான் கொடுத்தேன். யிங் சாப்பிடாமல் அக்காவுக்கு எழுதினாள்: முடிந்தது, புத்தகத்தைக் கொண்டு போ. ஃபோனில் அதற்கு மேலே, முந்தின நாள் அக்கா அனுப்பிய படம் இருந்தது. கையில்லாச் சட்டையோடு முற்றத்தில் உட்கார்ந்து வத்தகப்பழம் (தர்ப்பூசணி) வெட்டுகிறாள். "அங்க இப்ப முப்பது டிகிரி. வேர்த்துக் கொட்டுதாம்" என்றாள் யிங்.

அங்கிருந்து தெற்கு வழி ரயிலில் பென்ரோஸ் ஆறு நிமிடம். நாங்கள் வேலை செய்த களஞ்சியத்தில் இப்போது டயர் விற்கிறார்கள். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் மதில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றோம். மரக்கன்று மழையில் நனைந்தது.

திரும்பவும் ரயில் மேடைக்கு வந்தபோது 2.50. யிங்கின் ஃபோனுக்குச் செய்தி வந்தது. அவள் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். சீன எழுத்து எனக்கு எங்கே தெரியும். பிறகு அவளே சொன்னாள்:

"அக்கா எழுதியிருக்கிறா. ரோட்டெல்லாம் ஸ்னோவாம். ஸ்டேசனுக்குப் போக ஏலாதாம். உருகட்டும், பிறகு பாப்பமாம்."

நான் அந்த வத்தகப்பழத்தை நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"கவனம், வழுக்கும் எண்டு."

நான் நாட்டைவிட்டு வந்த கிழமையே அண்ணா எங்கள் குடும்ப அட்டையில் என் பெயரை வெட்டுவித்தார். அவரில் பிழை இல்லை. அப்போது நிவாரண அரிசி தலைக்கணக்கில், இல்லாத ஆளின் பெயர் இருந்தால் கிராம அலுவலர் விதானையார் ஏசுவார். ஆனாலும் ஒரு கிழமை பிந்தி வெட்டியிருக்கலாம் என்று அன்று பென்ரோஸ் ரயில் மேடையில் முதல்முறையாக மனம் ஏங்கியது. இருபத்தைந்து வருடம் கழித்து இதை அண்ணாவிடம் சொன்னால் சிரிப்பார்.

போகிறவர்களுக்கு: கையில் பயண அட்டை இருந்தால் இந்தச் சுற்றுக்கு ஒக்லாந்துக்குள் ரயிலும் பஸ்ஸும் சேர்த்துப் பதினைந்து டொலருக்குள் அடங்கும். விழாவுக்குப் போகிறீர்கள் என்றால் அரைமணி முந்திப் போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள். உங்களுடைய ஆள் எழும்பாவிட்டால் தட்டிவிட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மரக்கன்றுக்கு ஒரு பொலித்தீன் பை கொண்டுபோங்கள். அங்கிருந்து அப்படியே யான்ஜிக்கும் போய்வரலாம் என்று யாராவது நினைத்தால், ஜூலையில் மட்டும் வேண்டாம். ரோட்டெல்லாம் ஸ்னோ.